முயலின் அமைதி நலத்தின் அடையாளம் அன்று

மும்பையில் இடமே பெருஞ்செல்வம். தாராவியில் ஒரே அறையில் மூன்று தலைமுறையினர் வாழும் வீடுகள் உண்டு. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் செம்பூரின் அடுக்ககங்களிலும் அறைகள் கூடினாலும் நெரிசல் குறைவதில்லை. இத்தகைய வீடுகளில் பிள்ளைகள் செல்லப்பிராணி வேண்டுமெனக் கேட்கும்போது, நாய் குரைக்கும், பூனை சுவரேறிப் போய்விடும் என்றெல்லாம் கணக்கிட்டு, பெற்றோர் பலர் இறுதியில் முயலைத் தேர்ந்தெடுக்கின்றனர். முயல் ஓசை எழுப்பாது. சைவ வீட்டுக்கும் ஒத்துவரும். மூலையில் ஒரு கூண்டும் நாளுக்கொரு கேரட்டும் இருந்தால் போதும் என்பது பரவலான எண்ணம்.

இவற்றுள் முதலிரண்டும் பெரும்பாலும் உண்மையே. மூன்றாவது எண்ணம்தான் முயலின் உயிருக்கு உலை வைக்கிறது. முறையாகப் பேணினால் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இவ்வுயிர், சில வீடுகளில் ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று வீட்டார் கலங்குகின்றனர். பெரும்பாலும் அது நேற்றும் நன்றாக இருந்திருக்காது. நோயையும் அச்சத்தையும் மறைப்பதில் முயல் வல்லது. அவற்றைக் கண்டறியும் பொறுப்பு வளர்க்கும் நம்மிடமே உள்ளது.

இரையாக வாழ்ந்த இனம்

நம் நாட்டுக் காடுகளில் ஓடும் காட்டு முயலும் வீட்டில் வளரும் முயலும் ஒன்றல்ல. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல் மறைவில் பதுங்கி வாழ்வது. அதனைப் பிடித்து வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. நாம் வளர்க்கும் முயலின் முன்னோர், ஸ்பெயின், போர்ச்சுகல் நிலப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயல்கள். கூட்டமாக வாழ்ந்து, நிலத்தடி வளைகளில் வெயிலுக்கும் பகைக்கும் ஒதுங்கிய இனம் அது. குளிரைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு ஆராய்ச்சி நடைபெறும் நிலையங்கள் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் அமைந்திருப்பது இவ்வியல்புக்குப் பொருத்தமானதே.

நரியும் பருந்தும் சூழ்ந்த வாழ்வில், தளர்ந்து காணப்படும் முயலே முதலில் இரையாகும். எனவே வலியை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் தற்காப்பு. ஆயினும் உற்று நோக்குவோர்க்கு முயலின் முகம் செய்தி சொல்லும். முகக்குறிகளைக் கொண்டு முயலின் வலியை அளவிடும் முறையொன்றை ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண்கள் இடுங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்குத்துளைகளின் வடிவம் மாறுதல், மீசைமயிர் விறைத்தல், காதுகள் இறுகிப் பின்னோக்கிச் சாய்தல் ஆகிய ஐந்தும் அவர்கள் கண்ட குறிகள்.

இவற்றோடு, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் அசையாதிருத்தல், பற்களை உரக்க நறநறவெனக் கடித்தல், பின்காலால் தரையை ஓங்கி உதைத்தல், கண்வெள்ளை தெரிய விழித்தல் ஆகியவையும் வலியின் அல்லது அச்சத்தின் அறிகுறிகள். தடவிக் கொடுக்கும்போது மெல்லியதாகக் கேட்கும் பற்களின் ஓசை மட்டும் மகிழ்ச்சிக்குரியது.

முயலை மல்லாத்திப் பிடித்தால் அது அசைவற்றுக் கிடக்கும். அதனைச் சுகமான உறக்கமென்று கருதிப் பிள்ளைகள் படமெடுத்து மகிழ்வதுண்டு. பகையின் பிடியில் சிக்கிய விலங்கு அச்சத்தால் உறைந்துபோகும் நிலை அது. அவ்வாறே, முயலைக் குளிப்பாட்டுவதும் ஆபத்தானது. நனைந்த மென்மயிர் எளிதில் உலராது. உடல் குளிர்ந்து, அச்சம் மிகுந்து, முயல் அதிர்ச்சியில் உயிரிழக்கவும் கூடும். தூக்கும்போது மார்புக்கு ஒரு கையும் பின்புறத்துக்கு ஒரு கையும் கொடுக்க வேண்டும். காதைப் பற்றித் தூக்கவே கூடாது. முயலின் எலும்புகள் மெலிந்தவை. பின்கால் தசைகளோ வலியவை. பிடி பிடிக்காமல் அது திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

அச்சம் குடலை நிறுத்தும்

முயலின் குடல் நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம் போன்றது. அதனால் வாந்தியெடுக்க இயலாது. உள்ளே சென்ற உணவு முன்னோக்கி நகர்ந்தே ஆகவேண்டும். அச்சம் கொண்ட உடல் தப்பி ஓடுவதற்கு ஆயத்தமாகும்போது, குடலின் அசைவு மந்தமாகிறது. அசைவு குறைந்தால் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வாயு பெருகி, வயிறு வலிக்கிறது. வலியால் முயல் உண்ண மறுக்கிறது. உண்ணாமையால் குடல் மேலும் தளர்கிறது. பட்டினி நீண்டால் கல்லீரலும் கெடும். குடல் தேக்கம் எனப்படும் இந்நிலையே வீட்டு முயல்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களுள் முதன்மையானது. அச்சம், பல்வலி, வெப்பம், நீர்க்குறைவு, நாரற்ற உணவு என எதிலிருந்தும் இது தொடங்கலாம்.

ஆகவே ஒரு விதியை நினைவில் நிறுத்துவோம். முயல் 12 மணி நேரம் எதையும் உண்ணாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. நாளை ஞாயிறு, திங்களன்று பார்க்கலாம் என்று ஒத்திவைக்க இடமில்லை. வயிறு முரசுபோல் விறைத்திருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அந்நிலையில் வாயில் உணவைத் திணிப்பதும் தவறு. முயலின் இயல்பான உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. நோயுற்ற முயலின் காதுகள் சில்லிட்டிருந்தால், துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்து இதமான சூட்டுடன் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இருவகைக் கழிவுகளையும் அறிந்திருத்தல் நன்று. உருண்டையான உலர்ந்த புழுக்கை ஒன்று. திராட்சைக் கொத்துபோல் மென்மையாகப் பளபளப்பது மற்றொன்று. இதனை முயல் தன் வாயாலேயே நேரடியாக எடுத்து உண்ணும். அருவருத்துத் தடுக்க வேண்டியதில்லை. புரதமும் பி வைட்டமின்களும் அதன்வழியேதான் முயலுக்கு முழுமையாகக் கிட்டுகின்றன. சிறுநீர் சில நாட்களில் சிவந்து காணப்படுவது உண்ட கீரையின் நிறமியாலும் இருக்கலாம். தொடர்ந்தால் பரிசோதனை தேவை.

புல்லே முதல் உணவு

முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன. முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். நாள் முழுதும் நாருள்ள புல்லை அரைத்தால்தான் அவை தேயும். தேயாத கடைவாய்ப் பற்கள் முள்போல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முகவாய் நனைந்திருத்தல், உணவை நாடி வந்து உண்ணாமல் திரும்புதல் ஆகியவை பல்நோயின் தொடக்கக் குறிகள்.

எனவே உணவில் பத்தில் எட்டுப் பங்கு உலர்புல்லாக இருத்தல் வேண்டும். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், ஊட்டத்துக்குப் போதாது. தமிழ் உழவர் முயல் மசால், வேலி மசால், குதிரை மசால் என்று தீவனப் பயிர்களுக்குப் பெயரிட்டுள்ளனர். இவற்றுள் குதிரை மசால் வளரும் குட்டிகளுக்கு உரியது. வளர்ந்த முயலுக்கு அதனை நாள்தோறும் அளித்தால் மிகுந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் படியும். கணபதி வழிபாட்டுக்காக மாட்டுங்கா, தாதர் பூக்கடைகளில் கிடைக்கும் அருகம்புல்லை நன்கு கழுவி அளிக்கலாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, அளவான வெந்தயக்கீரை ஆகியவையும் ஏற்றவை. கடையில் விற்கும் குருணைத் தீவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும். கேரட்டும் பழமும் இனிப்புப் பண்டத்துக்கு நிகர். சிறு துண்டு போதும். பிஸ்கட், ரொட்டி, சோறு, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வைத்தால், புட்டியில் உறிஞ்சுவதைவிட மிகுதியாகக் குடிக்கும்.

மும்பையின் பருவங்கள்

வெப்பநிலை 30 டிகிரியை நெருங்கும்போதே முயல் துன்புறத் தொடங்கும். அதற்கு வியர்வை இல்லை. நாயைப்போல் இரைத்துத் தணித்துக்கொள்ளவும் இயலாது. உடல்சூடு பெரிதும் காதுகளின் வழியேதான் வெளியேறும். மார்ச் முதல் மே வரையிலும் மீண்டும் அக்டோபரிலும் மும்பையின் புழுக்கம் மிகுதி. தாராவியில் தகரக் கூரையின்கீழ் அமைந்த மேல்தள அறை நண்பகலில் முயலுக்கு உகந்த இடமன்று. கீழ்த்தளத்தில் சிமெண்டுத் தரையின்மீது, மின்விசிறிக் காற்று படும் நிழலில் வைப்பது நலம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் முயல் தானே வந்து சாய்ந்துகொள்ளும். மூச்சு விரைந்து, காது சிவந்து, தள்ளாடினால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதுகளை ஒற்றியவாறு மருத்துவரிடம் விரைய வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தக் கூடாது.

மழைக்காலத்தில் இடர் வேறு. ஈரத்தில் உலர்புல் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் எலியும் அண்டாது. பின்புறம் நனைந்தோ அழுக்காகவோ இருந்தால் ஈக்கள் முட்டையிட, ஒரே நாளில் புழுக்கள் தோன்றி உடலைத் துளைக்கும். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை நாள்தோறும் இருமுறை வாலடியைப் பார்ப்பது கட்டாயம். 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான பகுதிகளில் வசிப்போர் கூண்டை மேசைமீது வைப்பதோடு, எடுத்துச்செல்லும் பெட்டியைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருத்தல் நலம்.

பழைய கட்டடங்களின் மொசைக் தரை முயலின் காலுக்கு வழுக்கும். பருத்தி அல்லது சணல் விரிப்பு இட வேண்டும். கம்பி வலைத் தளமுள்ள கூண்டு உள்ளங்காலைப் புண்ணாக்கும். கும்பார்வாடாவின் மண்பாண்டச் சூளைகளை அடுத்து வாழ்வோர், புகை வரும் நேரங்களில் முயலை உள்ளறைக்கு மாற்றுதல் வேண்டும்.

இரைச்சலே இந்நகரின் நீங்காத இயல்பு. தையல் இயந்திரத்தின் ஓசை போன்று நாள்தோறும் கேட்கும் ஒலிக்கு முயல் பழகிவிடும். திடீரென எழும் விநாயகர் ஊர்வல மேளமும் தீபாவளி வெடியும்தான் அதனை நடுங்கவைக்கும். இதற்கு எளிய மருந்து, இரு வாயில்கள் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி. முன்னோர் வாழ்ந்த வளைக்கு மாற்று அது. திருவிழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பெட்டியை வைத்து, உள்ளே புல் இட்டுப் பழக்க வேண்டும். அன்று சன்னல்களை அடைத்து, கூண்டின் மூன்று பக்கங்களைப் பருத்தித் துணியால் மறைத்து, மின்விசிறியை ஓடவிடலாம். அடுத்த நாள் அது உண்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். அச்சத்தின் விளைவு பெரும்பாலும் மறுநாளே தெரியவரும்.

மருந்தும் மருத்துவமும்

நாய்க்கு எழுதிய மருந்து முயலுக்கு நஞ்சாகலாம். உண்ணி ஒழிக்க நாய்மேல் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லக்கூடியது. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மடியும். அறுவைக்கு முன் பட்டினி போடும் வழக்கமும் முயலுக்குப் பொருந்தாது. இவற்றை மருத்துவமனையில் தயங்காமல் கேட்டுத் தெளிவது நம் கடமை.

பெண் முயலுக்கு ஏறத்தாழ ஆறு மாத வயதில் கருப்பை நீக்கம் செய்வது பற்றி மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். வயது ஏறிய பெண் முயல்களிடையே கருப்பைப் புற்றுநோய் மிகப் பரவலானது. மேலும் முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாட்களே. ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் சினைப்படவும் கூடும். ஓரறை வீட்டில் ஒரு 'ஜோடி' எத்தனை விரைவில் குடும்பமாகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

தலை ஒருபக்கமாகச் சாய்ந்து முயல் உருளத் தொடங்கினால், பக்கவாதம் வந்துவிட்டதென்று பலர் நம்பிக்கை இழக்கின்றனர். உட்காதுத் தொற்றோ, நரம்பைத் தாக்கும் நுண்ணுயிரியோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். விரைந்து மருத்துவம் செய்தால் பல முயல்கள் தேறுகின்றன. சில, சாய்ந்த தலையுடனே பல ஆண்டுகள் நிறைவாக வாழ்கின்றன. சுருட்டிய துண்டுகளை இருபுறமும் அணைகொடுத்து, புல்லையும் நீரையும் வாயருகே வைத்து, மருந்தை வேளை தவறாமல் அளிப்பதற்குச் சில வாரங்கள் பொறுமை வேண்டும்.

மும்பையின் விலங்கு மருத்துவ மரபு பழமையானது. 1874ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை பரேலில் உள்ளது. 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேயே அமைந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் டாடா அறக்கட்டளையின் சிறுவிலங்கு மருத்துவமனை மகாலட்சுமியில் திறக்கப்பட்டது. எங்குச் செல்வதானாலும், முயல் மருத்துவத்தில் பழகிய மருத்துவர் எப்போது இருப்பார் என்பதை முயல் நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

பயணமும் திட்டமிட வேண்டியதே. ஆட்டோக்கள் சயானைத் தாண்டித் தெற்கே வருவதில்லை. தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ பரேலுக்கு நள்ளிரவில் செல்ல டாக்சிதான் வழி. மின்ரயில் நெரிசல் நோயுற்ற முயலுக்கு இரட்டைத் துன்பம். வீட்டில் இணை முயல் இருந்தால் அதனையும் உடன் கொண்டுசெல்லலாம். துணையின் அண்மை அச்சத்தைக் குறைக்கும்.

வாங்கும் முன்

கிராஃபோர்டு மார்க்கெட் போன்ற சந்தைகளில் குட்டியைக் கண்டதும் வாங்கிவிடும் ஆவல் இயல்பு. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. பதிவுச் சான்றைக் கேட்பது வாங்குவோரின் உரிமை. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் குடல்நோய் எளிதில் பற்றும். வளர்க்க இயலாமல் பூங்காவில் விட்டுவிடுவது, நாய்க்கும் காகத்துக்கும் பூனைக்கும் இரையாக்குவதே ஆகும். விலங்கைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது.

நாளேடும் சேமிப்பும்

செல்லப்பிராணிக் காப்பீடு நம் நாட்டில் பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்குமே கிடைக்கிறது. முயலின் மருத்துவச் செலவை நம் கையிருப்பிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். மாதம் 500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தினால் ஆண்டு முடிவில் 6,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேரும். பிள்ளைகளை உடன் அழைத்து வந்து அவ்வைப்பைத் தொடங்கினால், ஓர் உயிரை ஏற்பது எத்தகைய பொறுப்பு என்பதையும் அவர்கள் உணர்வார்கள்.

பணத்தினும் பயன்தருவது நாள்தோறும் எழுதும் குறிப்பு. வங்கிப் பணியாளர்களாகிய நாங்கள் அன்றைய கணக்கை நேர்செய்யாமல் வீடு திரும்புவதில்லை. ஒரு ரூபாய் குறைந்தாலும் அன்றே தேடுவோம். நாள் கடந்தால் தேடுவது கடினம். முயலுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும். சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் மூன்று பதிவுகள் போதும்: உண்ட புல், குடித்த நீர், போட்ட புழுக்கை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை. இரண்டு கிலோ முயல் 200 கிராம் இழந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படாத அக்குறைவை ஏடு காட்டிவிடும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கும் விடை அதிலேயே இருக்கும்.

இப்பணியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். பெரியவர் ஒருவர் சரிபார்க்கட்டும். முயல் அந்தியிலும் விடியலிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். ஆகவே இரவு விளக்கணைக்கும் முன் ஒருமுறையும் காலை எழுந்தவுடன் ஒருமுறையும் தட்டையும் தரையையும் பார்ப்போம். புல் குறைந்து, புழுக்கை நிறைந்திருந்தால் அன்றைய கணக்கு சரி.